வக்கீல் அம்மா பதில்கள்: யார் உத்தரவில் கேட்டார்கள்?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான்: தொலைபேசி ஒட்டுக்கேட்பு. ஆகவே நிலத் தகராறு, வாடகை பாக்கி எல்லாம் அடுத்த இதழுக்கு.

‘மிஸ்யே முஸ்தாஸ்’ பதிவுகளை 2024-ல் எங்கள் வீட்டில் எல்லோரும் கேட்டோம். இன்னமும் யாராவது அனுப்புகிறார்கள். “அது திருட்டுச் சரக்கு, கேட்பதே பாவம்” என்கிறார் மாமியார். “கேட்காவிட்டால் உண்மை எப்படித் தெரியும்?” என்கிறார் கணவர். யார் பக்கம் நியாயம், அம்மா?
– வாசகி, ரோஸ் ஹில்

வெளியூரில் இருக்கும் வாசகர்களுக்காக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 2024 அக்டோபரில், நம் மொரிஷியஸின் பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, ‘மிஸ்யே முஸ்தாஸ்’, அதாவது மீசைக்காரர், என்ற புனைபெயரில் யாரோ தொலைபேசி உரையாடல்களைச் சமூக ஊடகங்களில் போடத் தொடங்கினார். அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள், போலீஸ் உயர் அதிகாரிகள் பேசியது எல்லாம் வந்தது. பிரிட்டிஷ் தூதரின் பேச்சுகூட வந்தது. செயற்கை நுண்ணறிவால் ஜோடித்தவை என்றது அரசு. நவம்பர் 1 அன்று, 11-ஆம் தேதி வரை சமூக ஊடகங்களை முடக்கச் சொல்லி உத்தரவு வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் மறுநாளே அதை விலக்கிக்கொண்டார்கள். 10-ஆம் தேதி ஓட்டுப் போட்டோம். 62 இடங்களில் 60 எதிரணிக்குப் போனது.

சரி, உங்கள் வீட்டு வழக்குக்கு வருவோம். அந்தக் குவியலில் இரண்டு வகைப் பேச்சு கலந்து கிடந்தது. பதவியில் இருப்பவர், பதவி தந்த அதிகாரத்தை எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது ஒன்று. அது நம் எல்லோருடைய விஷயம், கேட்கலாம், கேட்க வேண்டும். இன்னொன்று, ஒருவருடைய குடும்பம், உடம்பு, அந்தரங்கம். அது யார் கைக்கு வந்தாலும் அழித்துவிட வேண்டும், அடுத்தவருக்கு அனுப்பக்கூடாது. முதல் வகையில் உங்கள் கணவர் பக்கம் நான், இரண்டாவது வகையில் மாமியார் பக்கம்.

ஆனால் இருவருமே கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. அதைத்தான் நான் எல்லா மேடையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இந்த உரையாடல்களைப் பதிவு செய்யச் சொன்னது யார்? நம் அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு ஒருவருடைய கடிதப் போக்குவரத்தில் தலையிடாமல் காக்கிறது. 2001-ஆம் ஆண்டின் தகவல் தொடர்புச் சட்டப்படி, ஒரு செய்தியை இடைமறிக்க வேண்டுமானால் போலீஸ் நீதிபதியிடம் மனுப் போட வேண்டும், அவர் உத்தரவு தர வேண்டும். அப்படியானால் ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் ஒரு மனு இருந்திருக்க வேண்டும், ஒரு கையெழுத்து இருந்திருக்க வேண்டும். குற்றம் எதுவும் சாட்டப்படாத ஒரு பத்திரிகையாளர் தன் நண்பரோடு பேசியதைக் கேட்க எந்தக் காரணத்தைச் சொல்லி மனுப் போட்டிருப்பார்கள்? குரல் அசலா போலியா, வெளியிட்டவர் யார் என்று நாடே மாதக்கணக்கில் வாதாடியது. அனுமதித் தாள் எங்கே என்று கேட்டவர்கள் குறைவு. எனக்கு அந்தத் தாள்தான் வேண்டும்.

எனக்கு வயது 71. கோவில், தோட்டம், பேரப்பிள்ளைகள், இதுதான் என் வாழ்க்கை. என் போனை யார் கேட்டால் என்ன? ஒளிக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குப் பயப்பட வேண்டும்?
– வாசகர், சுயாக்

ஐயா, உங்கள் ஊரிலிருந்தே ஒரு அம்மா என்னிடம் வருவார். அண்ணன் தம்பிகளோடு பாகப்பிரிவினை வழக்கு. முன்பெல்லாம் போனிலேயே ஐந்து நிமிடத்தில் பேசி முடித்துவிடுவோம். அந்தப் பதிவுகள் வந்த பிறகு அவர் போனில் வழக்கு பேசுவதையே நிறுத்திவிட்டார். காலையில் பஸ் பிடித்து போர்ட் லூயி விக்டோரியா நிலையத்தில் இறங்கி, முழங்கால் வலியோடு நடந்து என் அலுவலகம் வருகிறார். வந்ததும் கைப்பையிலிருந்து போனை எடுத்து, வெளியறையில் குமாஸ்தாவின் மேசையில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திய பிறகுதான் உட்காருகிறார். அவருடைய வழக்கில் அரசுக்கு அக்கறை எதுவும் இல்லை, பயப்படாதீர்கள் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். “வக்கீல் பேசினதையே போட்டாங்களே அம்மா” என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த அம்மாவிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? ஒன்றுமில்லை. ஆனாலும் அவர் இழந்திருக்கிறார். கட்சிக்காரர் வழக்கறிஞரிடம் சொல்வது அந்த இருவருக்குள் இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் நீதிமன்றமே நடக்கிறது. நீங்கள் போனில் பேசுவது தோட்டத்தைப் பற்றி மட்டுமாக இருக்கலாம். உங்கள் மகள் டாக்டரிடம் பேசுவாள், பேரன் தொழிற்சங்கத்தில் சேருவான், பக்கத்து வீட்டுக்காரர் ஊராட்சியில் நடந்த முறைகேட்டைப் பத்திரிகைக்குச் சொல்ல நினைப்பார். உங்களுக்குக் கவலை இல்லை என்பதால் அவர்களுடைய பாதுகாப்பை நீங்கள் விட்டுக்கொடுக்க முடியாது, ஐயா.

கடலடிக் கேபிளில் கருவி வைத்தால் நாம் வாட்ஸ்அப்பில் எழுதுவதையும் படிக்க முடியுமா?
– கல்லூரி மாணவர், ரெதுவி

தம்பி கேட்பது 2022-ல் நடந்ததை வைத்து. மொரிஷியஸ் டெலிகாமின் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகிய ஷெர்ரி சிங், பாய் து ஜாகோத்தே நிலையத்தில் இணையப் போக்குவரத்தை உளவு பார்க்கும் கருவி வைக்க வெளியாரை அனுமதிக்கும்படி பிரதமர் தன்னை நெருக்கினார் என்று குற்றம் சாட்டினார். பிரதமர் பிரவிந்த் ஜக்னாத் மறுத்தார். பாதுகாப்பு சம்பந்தமான ஓர் ஆய்வுக்காக இந்தியாவிலிருந்து நிபுணர்கள் வந்தார்கள் என்றார். அந்த இடத்தில்தான் ‘சேஃப்’ கேபிள் கரையேறுகிறது. தென்னாப்பிரிக்காவில் தொடங்கி ரீயூனியன், நம் தீவு, கொச்சி வழியாகப் பினாங்கு வரை போகும் கண்ணாடி இழை அது.

நான் பொறியாளர் இல்லை, ஆனால் இப்படிப்பட்ட வழக்குகளுக்காகப் பொறியாளர்களிடம் கேட்டுப் படித்திருக்கிறேன். வாட்ஸ்அப் செய்தி உன் போனிலேயே பூட்டப்பட்டுத்தான் கிளம்புகிறது. நடுவழியில் கேபிளில் கருவி வைத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. சாதாரண போன் பேச்சு அப்படி இல்லை. உன் போனிலிருந்து கோபுரம் வரைதான் பூட்டு, கம்பெனியின் எந்திரத்துக்குள் போனதும் அது திறந்த பேச்சு. சட்டப்படி இடைமறிப்பதற்கான வசதி அந்த எந்திரங்களிலேயே உண்டு. அதனால்தான் அனுமதித் தாளைப் பற்றி நான் இவ்வளவு சொல்கிறேன்.

அப்புறம், படிக்க முடியாவிட்டாலும் யார் யாரோடு, எப்போது, எவ்வளவு நேரம் என்பதைப் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். இரவு பத்தரைக்கு ஒரு பெண் தன் அக்காவை அழைக்கிறாள், நாற்பது நிமிடம். உடனே என்னை அழைக்கிறாள். காலை எட்டு மணிக்கு போலீஸ் நிலையம். மதியம் ஒரு பள்ளி அலுவலகம். அவள் என்ன பேசினாள் என்று யாராவது கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா? அந்தப் பட்டியல் கணவன் கையில் கிடைத்தால் அவள் கதி என்ன?

2021 ஏப்ரலில் நம் தகவல் தொடர்பு ஆணையம் ஒரு யோசனையை வெளியிட்டது, மறந்திருக்க மாட்டாய். சமூக ஊடகப் போக்குவரத்து முழுவதையும் அரசு சர்வர் வழியாகத் திருப்பி, பூட்டைத் திறந்து, சேமித்து வைப்பது என்று. கூகுளும் மொசில்லாவும் சேர்ந்து எதிர்த்து எழுதின, இங்கே ஆயிரக்கணக்கானோர் எதிர்த்தார்கள். யோசனை நின்றது. திரும்ப வராது என்று நம்ப எனக்கு எந்தக் காரணமும் இல்லை, அதனால் அந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சென்னையில் இருக்கும் என் மைத்துனர், ஆதார் விஷயத்தில் இந்தியா அளவுக்கு உங்கள் தீவில் யாரும் போராடவில்லை என்கிறார். உண்மையா?
– வாசகர், கத்ர் போர்ன்

உங்கள் மைத்துனரிடம் சொல்லுங்கள், இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் சொன்னார்கள். அதற்கு இரண்டு வருடம் முன்பே, 2015 மே 29 அன்று, கைரேகையோடு வந்த நம் புதிய அடையாள அட்டை பற்றி நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லிவிட்டது. ரேகை எடுப்பது செல்லும், ஆனால் எல்லோருடைய ரேகையையும் தரவுத்தளத்தில் சேர்த்து வைத்துக்கொள்வது செல்லாது என்பது தீர்ப்பின் சாரம். மதேவூ என்ற குடிமகன் அதோடு விடவில்லை. நம் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார், 2016-ல் அங்கே தோற்றார். பிறகு ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். அட்டையில் இருக்கும் ரேகைக்குப் போதிய பாதுகாப்பு இருப்பதாக அரசு காட்டவில்லை, அவருடைய உரிமை மீறப்பட்டது என்று 2021-ல் அந்தக் குழு சொன்னது. ஒரு தனி மனிதர் எட்டு வருடம் இதற்காக அலைந்திருக்கிறார்.

இன்னொரு விஷயமும் சொல்லுங்கள். அதே 2015 மே 29 அன்று அதே அட்டை பற்றி இன்னொரு தீர்ப்பும் வந்தது. அந்த வழக்கைப் போட்டவர் பிரவிந்த் ஜக்னாத். வழக்குப் போட்டபோது எதிர்க்கட்சியில் இருந்தார். 2017-ல் பிரதமரானார், 2022-ல் கேபிள் குற்றச்சாட்டு, 2024-ல் ஒட்டுக்கேட்பு எல்லாம் அவர் ஆட்சியில் வந்தவை. அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. இன்று ஆள்பவர்களும் எதிரணியில் இருந்தபோது ஒட்டுக்கேட்பைக் கண்டித்தவர்கள்தான். நாற்காலியில் யார் இருந்தாலும் நீதிபதியின் கையெழுத்து இல்லாமல் அந்த எந்திரம் ஓடக்கூடாது, ஓடியதற்குக் கணக்கு நாடாளுமன்றத்துக்கு வர வேண்டும்.

இந்தியாவில் ஒட்டுக்கேட்க அனுமதி தருபவர் உள்துறைச் செயலாளர். நம் சட்டம் நீதிபதியைக் கேட்கிறது. எழுத்தில் நாம் ஒரு படி மேலே இருக்கிறோம், அதையும் மைத்துனரிடம் சொல்லலாம்.

நான் அரசு ஊழியர். மேசைக்கு வந்த ஒரு கோப்பில் பெரிய தவறு நடந்திருப்பது தெரிகிறது. வெளியே சொல்ல மனசாட்சி உந்துகிறது. என் பெயரையும் துறையையும் போட வேண்டாம்.

எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள், முதலில் ஒரு வழக்கறிஞரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். நானாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. 1972-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் இன்னும் இருக்கிறது. தகவல் அறியும் சட்டம் தருகிறோம் என்று ஒவ்வொரு தேர்தலிலும் சொன்னார்கள், 2024 தேர்தல் வரை அது வரவே இல்லை. ஆக, தவறைப் பார்த்தவருக்கு ஆபத்து அதிகம், வழி குறைவு. அது அநியாயம், ஆனாலும் அதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் காலெடுத்து வைக்க வேண்டும்.

அமெரிக்காவில் 2017-ல் ரியாலிட்டி வின்னர் என்ற பெண் ஒரு ரகசிய அறிக்கையைச் செய்தித்தளத்துக்கு அனுப்பினார். அந்த ஆவணத்தை அச்செடுத்தவர்கள் ஆறே பேர் என்று அலுவலகப் பதிவு காட்டிவிட்டது, அவர் பிடிபட்டார். ஐந்து வருடம் மூன்று மாதம் தண்டனை. அதற்கு முன் 2013-ல், அமெரிக்க உளவு நிறுவனத்துக்காக வேலை பார்த்த எட்வர்ட் ஸ்னோடன், தான் எடுத்த ரகசிய ஆவணங்களை அப்படியே இணையத்தில் கொட்டவில்லை. பத்திரிகையாளர்களிடம் கொடுத்தார், எதை வெளியிடலாம், எதை விடலாம் என்று அவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள். அமெரிக்க அரசு தொலைபேசிப் பட்டியல்களை மொத்தமாக அள்ளியதைச் சட்டம் அனுமதிக்கவில்லை என்று 2015 மே மாதம் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, ஜூனில் சட்டமே மாறியது. ஸ்னோடன் ஊர் திரும்பவில்லை, ரஷ்யாவில் இருக்கிறார். நம் மீசைக்காரர் வழி இதற்கு நேர்மாறு. சம்பந்தமில்லாதவர்களின் அந்தரங்கமும் சேர்ந்து தெருவுக்கு வந்தது.

வழக்கறிஞரிடம் போகும்போது கோப்பின் நகலோ போட்டோவோ வேண்டாம். தேதி, தொகை, யார் கையெழுத்து என்பதை நினைவிலிருந்து சொன்னால் போதும். அலுவலகப் போன், அலுவலக மின்னஞ்சல் இரண்டிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். தணிக்கை அதிகாரிக்கு முறைப்படி எழுதிப் போட இடமுண்டா என்பதை வழக்கறிஞர் பார்த்துச் சொல்வார். பல சமயம் அந்த வழியே போதுமானதாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் வைத்த கேமரா எங்கள் முற்றத்தைப் பார்க்கிறது. கேட்டால் அரசே தெருவெல்லாம் வைத்திருக்கிறதே என்கிறார்.
– வாசகி, போ பாசன்

அரசு வைத்தது தெருவில். உங்கள் முற்றம் தெரு அல்ல. நம் சிவில் சட்டத்தின் 22-ஆம் பிரிவு ஒவ்வொருவருடைய தனி வாழ்க்கையும் மதிக்கப்பட வேண்டும் என்கிறது, 2017-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. கேமராவை அவருடைய சொந்த வாசல் பக்கம் திருப்பச் சொல்லி ஒரு கடிதம் எழுதிக் கையில் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் பாருங்கள். அசையவில்லை என்றால் தரவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம், கட்டணம் கட்டி வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை.