கால் வீக்கத்தை இறக்கியது நேட்ரம் மூர் மாத்திரையா?

கேள்வி: எனக்கு வயது 61. பிரஷருக்கு ஆம்லோடிபின் 5 போட்டுவந்தேன். ஆறு மாதத்துக்கு முன் டாக்டர் அதை 10 ஆக்கினார். அதன்பிறகு சாயங்காலம் ஆனால் இரண்டு கணுக்காலும் வீங்கி, செருப்பு வார் பதிந்த தடம் தெரிகிறது. எதிர்வீட்டு அக்கா, "உடம்பில் உப்பும் நீரும் சமமாக இல்லை" என்று சொல்லி நேட்ரம் மூர் 6எக்ஸ் என்ற மாத்திரையை வேளைக்கு நான்காக, தினம் நான்கு வேளை சப்பச் சொன்னார். இரண்டு மருந்தும் ஒன்றோடொன்று மோதக்கூடாதே என்று பிரஷர் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போடுகிறேன். ஒரு மாதத்தில் வீக்கம் பாதி குறைந்துவிட்டது. ஆனால் நேட்ரம் மூர் என்றால் சாப்பாட்டு உப்புதான் என்கிறான் என் மகன். உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கும் எனக்கு இது ஆகுமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: மகன் சொல்வது சரிதான். நேட்ரம் மூரியாட்டிகம் என்பது சோடியம் குளோரைடு, உங்கள் வீட்டு உப்புஜாடியில் இருப்பதேதான். ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இருந்த ஷூஸ்லர் என்ற மருத்துவர் 1870-களில், உடலின் செல்களில் 12 தாது உப்புகள் குறைவதால்தான் நோய் வருகிறது என்று ஒரு கொள்கை வகுத்தார். அதில் நீரைப் பங்கிடும் வேலையை இந்த உப்புக்குக் கொடுத்தார். கடைகளில் 'பயோகெமிக்' என்று விற்பது அந்த வரிசைதான்.

அதற்காக உப்பு ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 6எக்ஸ் என்றால் பத்தில் ஒரு பங்காக ஆறு முறை குறைத்தது, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மீதி பால் சர்க்கரை. 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது 0.1 மைக்ரோகிராம் உப்பு. ஒரு கிராம் உப்பு உடலில் சேர ஒரு கோடி மாத்திரை சப்ப வேண்டும். மனத்துயரத்துக்கும் இதே மருந்தைக் கொடுப்பார்கள். அழும்போது விழும் ஒரு சொட்டுக் கண்ணீரில் இருக்கும் உப்பைச் சேர்க்கவே நாலாயிரம் மாத்திரைக்கு மேல் ஆகும்.

கெடுதல் செய்யாத அதே காரணத்தால்தான் இது வீக்கத்தையும் வற்றவைக்காது. நீர் எங்கே நிற்க வேண்டும் என்பதை உப்பு தீர்மானிக்கிறது என்பது உண்மை. ஆனால் அந்தக் கணக்கு கிராமில் நடக்கிறது. நாம் ஏற்றும் சலைன் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். ஒரு லிட்டரில் 2.6 கிராம், கூடவே குளுக்கோஸ். சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரையும் அதோடு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ உப்பையும் வடிகட்டி, சில கிராம் தவிர மீதியெல்லாவற்றையும் ரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. அந்த ஒன்றரைக் கிலோ வரவு செலவில் உங்கள் 16 மாத்திரையின் 1.6 மைக்ரோகிராம் எந்த மூலையில் தெரியும்?

அப்படியானால் வீக்கம் குறைந்தது எப்படி? விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நீங்கள் ஆம்லோடிபினைப் பாதியாக்கிவிட்டீர்கள்.

கணுக்கால் வீக்கம் ஆம்லோடிபினின் பழகிப்போன பக்கவிளைவு. 5-ஐவிட 10-இல் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்வதானால், வயலுக்குத் தண்ணீர் வரும் மடையை அகலத் திறந்துவிட்டு வடிகாலை அப்படியே விடுவது போல. இந்த மருந்து ரத்தத்தைக் கொண்டுவரும் சிறு தமனிகளைத் தளர்த்துகிறது, திருப்பி எடுத்துச்செல்லும் சிரைகளை அவ்வளவாகத் தளர்த்துவதில்லை. நடுவில் உள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் வெளியே கசிந்து காலில் தங்குகிறது. உடம்பில் மொத்த நீர் கூடியதால் வருவதல்ல இது. அதனால்தான் இந்த வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரைகூட அவ்வளவாகக் கேட்பதில்லை.

ஆம்லோடிபின் ரத்தத்தில் பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் பிடிக்கும். ஒருநாள் விட்டுப் போட்டும் உங்களுக்குத் தலைசுற்றலோ படபடப்போ தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் ஏறும் பிரஷர் சொல்லிக்கொண்டு ஏறாது. இந்த ஒரு மாதத்தில் எத்தனை முறை பிரஷர் பார்த்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என் கவலை அங்கேதான், உப்பு மாத்திரையில் அல்ல.

நாளைக் காலையே பிரஷரை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பாருங்கள், அதுவரை அவர் எழுதிய அளவைத் தினமும் போடுங்கள். அவர் ஆம்லோடிபினைத் திரும்ப 5 ஆக்கி, டெல்மிசார்டன் போன்ற வேறொரு பிரஷர் மருந்தைச் சேர்க்கலாம். அது வடிகால் பக்கத்தையும் சற்றுத் திறந்துவிடும், பிரஷரும் கட்டுப்படும். முட்டிவலிக்கு ஏதாவது மாத்திரை போடும் பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் உண்மையாகவே உடம்பில் பிடித்துவைக்கும், பிரஷரையும் ஏற்றும்.

எல்லாவற்றையும் ஆம்லோடிபின் தலையில் கட்டிவிடவும் கூடாது. சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின், தைராய்டு, தேவைப்பட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துவிடுவது நல்லது. (ஆல்புமினையும் கிரியாட்டினினையும் நம் ஊரில் 'உப்பு' என்றே சொல்லிவிடுகிறோம். சாப்பாட்டு உப்புக்கும் அவற்றுக்கும் பெயர் ஒற்றுமை மட்டுமே.) ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். காலையில் எழும்போது முகம் உப்பியிருந்தால் சிறுநீரகத்தை முதலில் பார்க்க வேண்டும்.

உப்பைக் குறைக்கச் சொன்னது ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய் இவற்றை நினைத்துத்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு நாளுக்கு 5 கிராமுக்குள், ஒரு தேக்கரண்டி. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான், அதில் சலுகை இல்லை. 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்டன் தொடங்கினால் டாக்டரைக் கேட்காமல் அதை வாங்க வேண்டாம்.

மீதியிருக்கும் நேட்ரம் மூரைச் சப்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். டாக்டரிடம் போகும்போது ஆம்லோடிபின் அட்டையோடு அந்தக் குப்பியையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள். பிரஷர் மாத்திரையை எந்தத் தேதியிலிருந்து குறைத்தீர்கள், வீக்கம் எப்போது இறங்கியது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அவருக்கு வேலை சுலபம்.