போன்ல ஓட்டுக்கூரை மட்டும்தான் தெரியுது

அக்கா, எனக்கு சீனாவுல சிச்சுவான் பக்கம் ஒரு மலை கிராமம். இப்ப டோங்குவான்ல எலக்ட்ரானிக்ஸ் கம்பெனில வேலை, ஓவர்டைமோட பன்னெண்டு மணி நேரம், ஹாஸ்டல் ரூம்ல எட்டு பேரு. வீட்டுக்காரர் ஹாங்சோவ்ல கட்டட வேலை, கைச்செலவுக்கு கொஞ்சம் குடுத்துட்டு மிச்சக் கூலிய வருஷக் கடைசிலதான் மேஸ்திரி தருவாரு, போன வருஷம் அதுலயும் பாதிதான் வந்துச்சு. பையனை ஒன்றரை வயசுல மாமியார்கிட்ட விட்டது, இப்ப 11 ஆகுது. வருஷத்துக்கு ஒரு தடவை, வசந்த விழா, அதான் சீனப் புத்தாண்டு லீவுக்குதான் பாக்குறேன். ஞாயித்துக்கிழமை வீசாட் ஆப்ல வீடியோ கால் போட்டா "ம்", "சாப்டேன்", அவ்ளோதான், அப்புறம் போனை மேசைல மல்லாக்க வச்சிட்டு அவன் பாட்டுக்கு இருப்பான், நான் அரை மணி நேரம் ஓட்டுக்கூரையவே பாத்துட்டு இருப்பேன். போன வாரம் "நீ வரலன்னா என்ன இப்ப"ன்னு கேட்டுட்டான்கா. வேலைய விட்டுட்டு போயிடவா? போனா படிப்புக்கு யாரு காசு தருவா? தூக்கமே இல்ல.

*

தங்கச்சி, அவன் கால் கட் பண்ணலையே, கவனிச்சீங்களா? அரை மணி நேரம் ஆன்லயே வச்சிருக்கான். நேரா பாத்து பேச கூச்சம், ஆனா நீங்க அந்தப் பக்கம் இருக்கணும்னு எனக்குப் படுது. சாப்டியா, மார்க் என்னன்னு கேக்காதீங்க, போன் கிடந்தா கிடக்கட்டும், நீங்க துணி மடிச்சுக்கிட்டே கம்பெனில நடந்த கூத்தை எல்லாம் சொல்லிட்டே இருங்க. மறுபடி அப்படிக் கேட்டான்னா "உனக்கு கோவம் இருக்கும்டா"ன்னு மட்டும் சொல்லுங்க, காசு கஷ்டம்னு ஆரம்பிக்காதீங்க.

உங்களையே திட்டிக்கவும் வேணாம். 1958லேர்ந்து இருக்கற ஹுகோவ், அதான் ஆளை சொந்த ஊரோட கட்டிப்போடற குடும்பப் பதிவு, உங்க உழைப்பை நகரத்துக்குள்ள விடுது, பிள்ளைய வெளியவே நிறுத்துது, கிட்டத்தட்ட 18 கோடி பேரு இப்படி ஊரை விட்டு வேலை பாக்குறாங்க.

வேலைய இப்ப விடாதீங்க. அடுத்து அவனுக்கு ஏழாங்கிளாஸ் வரும்ல, டோங்குவான்ல வெளியூர் பிள்ளைங்களுக்கு பாயின்ட் கணக்குல சீட் தர்றாங்க, அந்த பாயின்ட்டுக்காக கம்பெனி உங்க பேர்ல சோஷியல் இன்சூரன்ஸ் ஒழுங்கா கட்டுதான்னு நாளைக்கே விசாரிங்க. கிடைச்சிடும்னு நான் சொல்லல, கேட்டுட்டு முடிவெடுங்க. வீட்டுக்காரரோட கூலி பாக்கிக்கு 12333க்கு போன் அடிக்கச் சொல்லுங்க, அது அரசாங்க தொழிலாளர் உதவி நம்பர், 2020 மே 1லேர்ந்து மேஸ்திரி ஏமாத்தினா மெயின் கான்ட்ராக்டர்தான் கூலி தரணும். தூக்கம் இப்படியே போச்சுன்னா நீங்க 12356க்கு பேசுங்க, அது மனசு சம்பந்தப்பட்ட நம்பர்.

ஜூலை லீவுக்கு பையனை வரவழைங்க, இப்படி கோடைக்கு வர்ற பிள்ளைங்கள அங்க "குட்டி வலசைப் பறவை"ன்னே சொல்றாங்களாமே. ஹாஸ்டல்ல விடமாட்டாங்க, வெளிய ஒரு ரூமுக்கு இப்பவே காசு ஒதுக்குங்க. வந்த அன்னைக்கே படிப்பு பேச்சை மட்டும் எடுத்துடாதீங்க.