சீவல் மட்டும்தானே போட்டார்?

கேள்வி: என் மாமியாருக்கு 67 வயது. வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு தவிர வேறெதுவும் போடமாட்டார். புகையிலையைத் தொட்டதே இல்லை. இடது கன்னத்தின் உள்பக்கம் ஆறாத புண். சதை எடுத்துப் பார்த்துவிட்டு 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா' என்ற வாய்ப் புற்றுநோய் என்கிறார்கள். புகையிலை இல்லாமல் எப்படி வரும்? தினமும் சீவல் வாங்கிக் கொடுத்தவள் நான்தான். மனசு கேட்கவில்லை.
- வாசகி, கும்பகோணம்

பதில்: சகோதரி, பாக்கு தனியாகவே புற்றுநோய் தரும் என்பது மருத்துவ உலகத்துக்கே தாமதமாகத்தான் உறுதியானது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985-ல் புகையிலை சேர்ந்த தாம்பூலத்தை மட்டுமே குற்றம் சொன்னது. பாக்கின் பெயர் 2004-ல் வெளியான அறிக்கையில்தான் ஏறியது. அதற்குப் பெரிய சாட்சி தைவான். அங்கே வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் வழக்கம் இல்லை. வாய்ப் புற்றுநோய் மட்டும் ஏராளம். கல்யாண வீட்டில் தட்டில் வைத்து நீட்டுகிற பொருள் இது. வாங்கிக் கொடுத்ததற்காக உங்களை நொந்துகொள்ளாதீர்கள்.

இருபத்திரண்டு வருடமாக இந்தச் சதைத் துணுக்குகளை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து ரிப்போர்ட் எழுதுவதுதான் என் வேலை. நல்ல கன்னத்தில் அடிவரிசைச் செல்கள் பெருகும், மேலே ஏற ஏறத் தட்டையாகும், கடைசியில் செதிளாக உதிரும். புற்றில் அந்த அடிவரிசை உடைந்து, செல்கள் கொத்துக் கொத்தாகச் சதைக்குள் இறங்கியிருக்கும். கொத்தின் நடுவே வெங்காயத் தோல் மாதிரி சுற்றிச் சுற்றி, ரோஜா நிறத்தில் ஒரு உருண்டை. 'கெரட்டின் முத்து' என்போம். மேலே போய் உதிர வேண்டிய செல், வழியில்லாமல் உள்ளேயே செதிளாகிக் கிடக்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

சரி, இதைப் பாக்கு எப்படிச் செய்கிறது? சுண்ணாம்புக் காரத்தில் பாக்கின் துவர்ப்புப் பொருள்கள் ஆக்சிஜனின் வீரியமான வடிவங்களை உண்டாக்கி டி.என்.ஏ.வைச் சிதைக்கின்றன. அடிபட்ட செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவது பி53 என்கிற மரபணு. அதுவே பழுதானால் தடுக்க ஆளில்லை. புகையிலை, பாக்கால் வரும் வாய்ப் புற்றுகள் பெரும்பாலானவற்றில் அது பழுதாகித்தான் இருக்கிறது. இன்னொரு பக்கம் பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் நார்ச்சதையை அதிகமாக வளரவிடுகிறது, தாமிரம் அந்த நாரை இறுக்குகிறது. சிலருக்கு வாயே திறக்க வராமல் போவது இதனால்தான்.

இடது கன்னம் ஏன் என்றால், பெரும்பாலும் அங்கேதான் அடக்கி வைத்திருப்பார். ஆனால் சாறு வாய் முழுக்கப் பட்டிருக்கிறது. கட்டியைச் சுற்றி நன்றாகத் தெரிகிற சதையிலும் மாற்றம் தொடங்கியிருக்கும் என்று 1953-லேயே ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் காட்டினார். அதனால் ஆபரேஷன் முடிந்த பிறகும் பாக்கை அறவே விட வேண்டும். மறுபரிசோதனைக்குத் தவறாமல் அழைத்துப் போங்கள்.

அப்புறம், நீங்களும் போடுவீர்களா என்று கடிதத்தில் எழுதவில்லை. போடுவீர்கள் என்றால் இன்றைக்கே கண்ணாடி முன் நின்று, மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு தெரிந்தாலோ, மாமியாரோடு போகும்போது உங்கள் வாயையும் அதே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.