மிளகாய் காரம் இல்லையா?

கேள்வி: வீட்டுப் பொருட்களில் எது அமிலம், எது காரம், எது நடுநிலை என்று எழுதி வரச் சொன்னார்கள். ஏழாவது படிக்கும் என் மகள் மிளகாய்த்தூளைக் காரம் என்று எழுத, டீச்சர் தப்பு போட்டுவிட்டார். மிளகாய் காரம் இல்லாமல் வேறென்ன? நாக்கில் வைக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: பாவம், பிள்ளை மேல் தப்பே இல்லைங்க. தமிழில் ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. மிளகாயின் காரம் கேப்சைசின் என்ற பொருள் நாக்கில் உண்டாக்கும் எரிச்சல். வேதியியலில் காரம் என்றால் சோப்பு, சுண்ணாம்பு, சலவை சோடா மாதிரி அமிலத்தோடு சேர்ந்தால் அதை முறிக்கிற பொருள். மிளகாய் லேசான அமிலம்தான்.

நாக்கில் வைக்கவே வேண்டாம், மஞ்சள்தூள் போதும். சட்டையில் பட்ட சாம்பார் கறை சோப்பு போட்டதும் சிவந்துவிடுமே, ஆரத்தித் தண்ணீரும் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்துதானே சிவக்கிறது, அதே சங்கதிதான். மஞ்சளைக் குழைத்துத் தாளில் தடவிக் காயவைத்து ஒவ்வொரு சொட்டாக விட்டுப் பாருங்கள், காரமென்றால் சிவக்கும். ஆப்ப சோடாவுக்கு அவ்வளவு பளிச்சென்று தெரியாது, அது வலுவில்லாத காரம்.

ஆனால் எலுமிச்சைச் சாறு, சர்க்கரைத் தண்ணீர் இரண்டுக்குமே தாள் மஞ்சளாகவே இருக்கும். அங்கேதான் செம்பருத்தி வேண்டும். பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டி, அதில் எலுமிச்சை பிழிந்தால் சிவக்கும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும். கேன் தண்ணீரில் கரைத்த உப்புக்கும் சர்க்கரைக்கும் நிறம் மாறாது, இரண்டும் நடுநிலை. புளி, தயிர், வினிகர் எல்லாம் அமிலம்.

அப்புறம், நீங்கள் மீன் கழுவும்போது புளித்தண்ணீர் ஊற்றுவீர்கள் இல்லையா? மீன் வாடைக்குக் காரணமான அமீன்கள் காரத்தன்மை உள்ளவை. புளியின் அமிலம் பட்டதும் அவை உப்பாகிவிடுவதால் காற்றில் கலந்து மூக்குக்கு வருவது குறைகிறது. இதையும் மகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், டீச்சருக்கே பிடிக்கும்.

கேள்வி: பாத்ரூம் கறைக்கு ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரும் சேர்த்துப் போடலாமா?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: கூடவே கூடாது! இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், நுரையீரலையே பாதிக்கும், சின்ன பாத்ரூமில் இன்னும் ஆபத்து. ஏதாவது ஒன்றை மட்டும், கதவைத் திறந்து வைத்துப் பயன்படுத்துங்கள். தெரியாமல் கலந்து நெடி வந்துவிட்டால் கழுவிக்கொண்டு நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள். இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.