பதிவேட்டில் இருப்பவர்களும் லயத்தில் இருந்தவர்களும்

வணக்கம் சார்,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். தாத்தா கிராணியாக (எழுத்தராக) இருந்த தோட்டத்தின் மரணப் பதிவேட்டுப் பக்கங்கள் சில எங்கள் வீட்டில் இருக்கின்றன. 1918 அக்டோபரில் ‘இன்ஃப்ளுயன்சா’ என்றே ஒரு பக்கம் நிறைந்திருக்கிறது. ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். வயது 25, 30, 35. கொரோனாவில் எங்கள் ஊரில் போனவர்களோ என் அப்பா வயதுக்காரர்கள். அப்பாவும் 2021 ஆகஸ்டில் போய்விட்டார். அன்று இளவட்டம், இன்று வயதானவர்கள், இரண்டிலும் ஆண்கள். நோய் ஆள் பார்த்துத்தான் எடுக்குமா?

அன்புள்ள டீச்சர்,

அப்பாவின் மறைவுக்கு என் அனுதாபங்கள். அந்த ஆகஸ்ட், செப்டம்பரில்தான் மலேசியாவில் கொரோனாச் சாவு உச்சத்தில் இருந்தது. முகம் பார்த்து அழக்கூட முடியாமல் பலர் தவித்த நாட்கள்.

நோய் ஆள் பார்க்கும்தான். ஆனால் இறந்தவர்களை எண்ணுவதற்கு முன்னால் அங்கே இருந்தவர்களை எண்ண வேண்டும். தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணிகள் தமிழகத்து ஊர்களிலிருந்து கூட்டி வந்தது பெரும்பாலும் உழைக்கிற வயது ஆண்களை. 1921 கணக்கெடுப்பில்கூட மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆணுக்கு ஐந்நூறு பெண் இல்லை. உடம்பு தளர்ந்தவர்களில் பலர் கப்பலேறி ஊருக்கே போய்விடுவார்கள்.

ஒரு பேச்சுக்கு, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தில் 800 ஆண்கள், 200 பெண்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களில் 40 பேர், பெண்களில் 12 பேர் சாகிறார்கள். பதிவேட்டைப் புரட்டினால் ஆண்கள்தான் கண்ணில் படுவார்கள். வகுத்துப் பார்த்தால் ஆண்களில் நூற்றுக்கு 5, பெண்களில் 6. 1918இல் இந்தியாவில் பெண்கள்தான் கூடுதலாக இறந்தார்கள் என்று அன்றைய சுகாதார அறிக்கைகளே சொல்கின்றன. காய்ச்சல்காரருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவள், தானும் படுத்தபோது கவனிக்க ஆளில்லாமல் போயிருப்பாள். கர்ப்பிணிகளை அந்த நோய் மிக மோசமாகத் தாக்கியது. உங்கள் பதிவேட்டுப் பக்கத்தில் பெண்கள் குறைவு என்பதால் அவர்கள் தப்பித்தார்கள் என்று ஆகாது.

வயது விஷயம் வேறு. வகுத்த பிறகும் 1918இல் இளவயதுச் சாவு தூக்கலாகத்தான் நிற்கிறது. வழக்கமான காய்ச்சல் குழந்தைகளையும் முதியவர்களையும் கொண்டுபோகும். இது நடுவில், 20 முதல் 40 வரை, மூன்றாவதாக ஒரு மேட்டை எழுப்பியது. வரைபடமாகப் போட்டால் ‘டபிள்யூ’ எழுத்துபோல இருக்கும். வயதானவர்களுக்கு இளமையில் கண்ட வேறொரு காய்ச்சலால் கொஞ்சம் எதிர்ப்பு இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் பலரும் சொல்லும் ஒரு காரணம்.

உங்கள் பதிவேட்டுப் பக்கத்தில் என்னை நிறுத்தியது அந்த 25, 30, 35. ஒரு 27, ஒரு 33 கிடையாது. பிறந்த தேதி தெரியாதவரைப் பார்த்து கிராணி குத்துமதிப்பாகப் போட்ட வயது அது. அதனால் ஐந்தைந்து வயதாகப் பிரித்துக் கணக்குப் போடாதீர்கள். குழந்தைகள், உழைக்கும் வயது, முதியவர்கள் என்று மூன்றாகப் பிரித்தால் போதும்.

கொரோனாவில் வயது ஏற ஏற ஆபத்து செங்குத்தாக ஏறியது. ஆண்களுக்கு அதிலும் கூடுதல்: புகை, இதயநோய், உடலின் எதிர்ப்புச் சக்தியிலேயே உள்ள வேறுபாடு. நம்மவர்களுக்கு இனிப்பு நீரும் (நீரிழிவும்) சேர்ந்துகொள்கிறது. 2019 தேசிய ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு அது இருந்தது. அப்புறம், தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டபின் இளையவர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். உங்கள் ஊர் போன்ற இடங்களில் தங்கியவர்களில் பலர் வயதானவர்கள். 1918இல் தோட்டம் இளவட்டமாக இருந்ததற்கு நேர் எதிர். அதையும் கழித்துப் பார்த்தால்தான் நோய் செய்தது எது, ஊரின் வயது செய்தது எது என்று பிரியும்.

தாத்தாவின் பெட்டியில் அந்த ஆண்டின் செக்ரோல் (தொழிலாளர் வருகைப் பதிவேடு) இருக்கிறதா என்று தேடுங்கள், டீச்சர். செப்டம்பரில் காலைப் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்றவர்கள் எத்தனை ஆண், எத்தனை பெண் என்று அதில் எண்ணிவிடலாம். வேலைக்குப் போகாத சின்னப் பிள்ளைகள் பெயர் அதில் வராது. அக்டோபருக்குப் பிறகு காணாத பெயர்களை எல்லாம் சாவில் சேர்த்துவிடாதீர்கள், பயந்து ஓடியவர்களும் இருப்பார்கள். பதிவேட்டோடு ஒப்பிட்ட பெயர்களை மட்டும் எடுங்கள். பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினால் நானும் கூட உட்கார்ந்து எண்ணுகிறேன்.