பழைய ஆலயங்கள், கல்லறைத் தோட்டங்கள்: பழுது பார்ப்பது பற்றிக் கேள்வி பதில்

தூத்துக்குடி வாசகர்: அண்ணா, எங்கள் பழைய ஆலயத்தின் வெளிச்சுவர் இடுப்பு உயரம் வரை உதிர்கிறது. போன வருஷம்தான் சிமெண்ட் பூசினோம். ஏன் இப்படி?

பதில்: சிமெண்ட் பூசியதால்தான் தம்பி. தரையிலிருந்து ஏறும் ஈரம் இதுவரை சுண்ணாம்புச் சாந்து வழியாக வெளியேறிக்கொண்டிருந்தது. அந்த வழியை அடைத்துவிட்டீர்கள். உள்ளே தங்கிய உப்பு படிகமாகிச் செங்கல்லின் முகத்தையே உரிக்கிறது. பூச்சு பெயர்ந்த இடத்தில் நகத்தால் கீறிப் பாருங்கள், செங்கல் மாவாகக் கொட்டும். கடலோரத்தில் இது இன்னும் வேகம்.

முதலில் சுவரோரம் மழைநீர் தேங்காதபடி வாட்டம் கொடுங்கள். பிறகு சிமெண்டைச் சிற்றுளியால் மெல்லத் தட்டி எடுங்கள். செங்கல்லோடு பிய்ந்து வருகிற இடத்தில் கை வைக்க வேண்டாம். சில மாதம் காயவிட்டு, நீற்றிப் புளிக்கவைத்த சுண்ணாம்பும் உப்பில்லாத மணலும் கலந்து பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் சேர்ப்பது நம் கொத்தனார்களின் பழைய கைமுறை. தெரிந்த பெரியவர் ஊரில் இருந்தால் அவரையே கூப்பிடுங்கள். பூசியபின் ஈரச்சாக்கு போட்டு மூடாவிட்டால் வெடிக்கும்.

நாகப்பட்டினம் வாசகி: சுவரில் அரசங்கன்று. பிடுங்கிவிடலாமா சார்?

பதில்: விரலளவு கன்று என்றால் இன்றே பிடுங்குங்கள். வேர் தடித்துவிட்டால் வேண்டாம்மா, பாதிச் சுவர் கூடவே வரும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளி, காய்ந்தபின் துண்டு துண்டாக எடுத்து, பொந்தில் சுண்ணாம்புச் சாந்து நிரப்புங்கள்.

திருச்சி வாசகர்: சலவைக்கல் கல்லறையில் எழுத்து மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். ஆசிட்டில் சலவைக்கல் கரையும், பெயரும் கூடவே போகும். தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். படிப்பதற்கு, இருட்டியபின் டார்ச்சைக் கல்லோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். பகலில் தெரியாத எழுத்தும் நிழல் கட்டி எழுந்து நிற்கும்.

சென்னை வாசகர்: கல்லறைக் கற்களைப் பெயர்த்து நடைபாதையில் பதிக்கப் போகிறார்களாம். சரியா?

பதில்: கூடாது. கோட்டைக்குள் 1680-இல் திறந்த புனித மேரி ஆலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் கற்களைப் பாருங்கள். பழைய இடுகாட்டிலிருந்து வந்தவை அவை. 1758-59 பிரெஞ்சு முற்றுகையில் அந்தக் கல்லறைகள் எதிரிக்கு மறைவிடமாகிப் போனதால் பிறகு பெயர்த்தார்கள். இன்று கல் இங்கே, புதைத்த உடல் வேறெங்கோ. மிதிபடும் எழுத்தும் தேயத்தானே செய்யும்?

ராமநாதபுரம் வாசகர்: தனுஷ்கோடி ஆலயத்துக்குக் கூரை போட்டுப் புதுப்பித்தால் என்ன?

பதில்: எனக்குச் சம்மதமில்லை. 1964 டிசம்பர் புயலின் சாட்சி அது. அந்தப் பவளக்கல் சுவர்கள் நின்றால் போதும். கூரையில்லாத சுவருக்கு உச்சிதான் பலவீனம், மழை அங்கேதான் இறங்கும். அதைச் சுண்ணாம்புச் சாந்தால் சரிவாக மூட வேண்டும். போகிறவர்கள் பெயர் கீறாமல், கல் ஒன்றையும் எடுத்து வராமல் திரும்புங்கள்.