நிறம் பேசாத விதிகள் – கடிதம்

வணக்கம்.

நான் அமெரிக்காவுக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மகள் சட்டம் படிக்கிறாள், கடைசி வருடம். போன கோடையில் பயிற்சிக்குப் போன பெரிய சட்ட நிறுவனத்திலேயே வேலை தருகிறார்கள். வேண்டாம் என்கிறாள். கறுப்பின மக்களுக்காகவும் ஏழைகளுக்காகவும் வழக்காடும் ஒரு சிறிய அமைப்பில் சேரப்போகிறாளாம். அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன், கோபித்துக்கொண்டாள். அதையே உங்களிடம் கேட்கிறேன். சட்டப்படியான நிறபேதம் 1964-லேயே முடிந்துவிட்டதே, இன்னும் என்ன வழக்கு? மனதில் இருக்கும் வெறுப்பை நீதிமன்றம் போக்கிவிடுமா? கட்சிக்காரரிடம் காசு இல்லை என்றால் வக்கீல் எப்படிப் பிழைப்பார்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

முதல் கேள்விக்கே அதிக இடம் எடுத்துக்கொள்கிறேன். மற்ற இரண்டுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

வட கரோலினாவில் டான் ரிவர் என்றொரு அனல்மின் நிலையம். டியூக் பவர் கம்பெனியுடையது. ஐந்து பிரிவுகளில் ஒன்றுக்கு ‘லேபர்’ என்று பெயர். கூட்டுவது, துடைப்பது, சுமப்பது போன்ற வேலை. கறுப்பினத்தவர் 14 பேரும் அங்கேதான். அந்தப் பிரிவின் மிக உயர்ந்த கூலி, மற்ற நான்கு பிரிவுகளின் மிகக் குறைந்த கூலியைவிடக் குறைவு. நீங்கள் சொல்லும் 1964 சட்டம்தான் சிவில் உரிமைச் சட்டம். வேலையில் நிறம் பார்க்கக் கூடாது என்ற அதன் வேலைவாய்ப்புப் பகுதி 1965 ஜூலை 2 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே நாளில் கம்பெனி புது விதி போட்டது. நல்ல பிரிவுகளில் புதிதாகச் சேர உயர்நிலைப் பள்ளிப் படிப்போடு இரண்டு எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். லேபரில் இருப்பவர் மேலே போகவும் அந்தப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும். விதியில் நிறம் பற்றி ஒரு சொல்கூடக் கிடையாது.

1960 கணக்கெடுப்பின்படி அந்த மாநிலத்தில் வெள்ளை ஆண்களில் 34 சதவீதம் பேர் உயர்நிலைப் பள்ளி முடித்திருந்தார்கள். கறுப்பின ஆண்களில் 12 சதவீதம். தனித்தனிப் பள்ளிகளில் வைத்து, மட்டமான படிப்பைக் கொடுத்ததும் அதே மாநிலம்தான். அப்புறம் இன்னொன்று: இந்த விதிக்கு முன்பே சேர்ந்த, பள்ளி முடிக்காத வெள்ளைத் தொழிலாளிகள் அந்த வேலைகளை நன்றாகவே செய்துகொண்டிருந்தார்கள், பதவி உயர்வும் பெற்றார்கள். அப்படியானால் அந்தச் சான்றிதழ் எதற்கு?

வில்லி கிரிக்ஸ் உள்பட 13 பேர் வழக்குப் போட்டார்கள். முதல் நீதிமன்றத்தில் தோல்வி. மேல்முறையீட்டில் பாதிதான் கிடைத்தது. 1971 மார்ச் 8 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: உள்நோக்கம் இல்லாவிட்டாலும், வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு விதி ஒரு இனத்தாரை வெளியே தள்ளுமானால் அது செல்லாது. ‘தகுதி’ என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்தத் தீர்ப்பின் கனம் சட்டென்று புரியும். உங்கள் இரண்டாவது கேள்விக்கும் இதுவே என் பதில். யார் மனதையும் திறந்து பார்க்க அந்த வக்கீல்கள் முயலவில்லை. சம்பளப் பட்டியலையும் பதவி உயர்வுக் கணக்கையும் கேட்டு வாங்கி, வரிசைப்படுத்தி, நீதிபதி முன் வைத்தார்கள். இந்தத் தொழிலின் பெரும்பகுதி அப்படி உட்கார்ந்து காகிதம் படிப்பதுதான்.

அந்த வழக்கின் வக்கீல்களில் ஜூலியஸ் சேம்பர்ஸ் என்ற கறுப்பின இளைஞரும் ஒருவர். அவருடைய அப்பா வட கரோலினாவில் ஒரு சிற்றூரில் மெக்கானிக். 1940களின் பிற்பகுதியில் ஒரு வெள்ளைக்காரர் தன் பெரிய லாரியைப் பழுது பார்த்துக்கொண்டு, காசு தராமலே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். அப்பா வக்கீல் வக்கீலாக ஏறி இறங்கினார். ஒருவரும் வழக்கை எடுக்கவில்லை. மகனை நல்ல பள்ளிக்கு அனுப்ப வைத்திருந்த எண்ணமும் அதோடு போனது. சட்டம் படிக்க வேண்டும் என்று தனக்குத் தோன்றியது அப்போதுதான் என்று சேம்பர்ஸ் பின்னாளில் சொல்லியிருக்கிறார். வக்கீலாகி இப்படிப்பட்ட வழக்குகளை நடத்தத் தொடங்கியபின், 1965 ஜனவரியில் அவருடைய காருக்கு வெடி வைத்தார்கள், நவம்பரில் வீட்டுக்கு. 1971 பிப்ரவரியில் அலுவலகத்துக்குத் தீ. அடுத்த மாதம்தான் கிரிக்ஸ் தீர்ப்பு வந்தது. எனக்கு இவர்மீது இருக்கும் மரியாதையை அளந்து சொல்லத் தெரியவில்லை.

‘அதெல்லாம் பழைய கதை’ என்பீர்கள். சரி, மிசௌரி மாநிலத்தின் ஃபெர்குசன் நகருக்கு வாருங்கள். 2014-ல் மைக்கேல் பிரவுன் என்ற இளைஞரைப் போலீஸ்காரர் சுட்டுக்கொன்ற பிறகு, மத்திய அரசின் நீதி அமைச்சகத்தின் சிவில் உரிமைப் பிரிவு அங்கே போய் நீதிமன்றக் கணக்குகளைத் தோண்டியது. அறிக்கை 2015 மார்ச்சில் வந்தது. நகரத்தில் கறுப்பினத்தவர் 67 சதவீதம். கைதானவர்களில் 93 சதவீதம். நகராட்சி தன் வரவு செலவை அபராதப் பணத்தை நம்பிப் போட்டிருந்தது.

அதில் ஒரு கறுப்பினப் பெண்மணியின் கதை வருகிறது. 2007-ல் ஒரே ஒரு முறை காரைத் தப்பான இடத்தில் நிறுத்தினார். 151 டாலர் அபராதம், மேற்கொண்டு கட்டணங்கள். அவரிடம் பணமில்லை, சில காலம் வீடே இல்லை. தேதிக்கு வராததற்கும் பணம் கட்டாததற்கும் புதுப்புது அபராதம், பிடிவாரண்ட், ஆறு நாள் சிறை. 25 டாலரும் 50 டாலருமாகக் கட்டப் பார்த்தார். முழுத் தொகையும் வேண்டும் என்று நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. 2014 முடிவில் 550 டாலர் கட்டியிருந்தார், இன்னும் 541 டாலர் பாக்கி. பணம் கட்ட வழியில்லாதவரை விசாரிக்காமல் அதற்காகவே சிறையில் போடக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1983-லேயே சொல்லிவிட்டது. அதை அந்த நீதிமன்றங்களில் போய் நின்று சொல்ல ஒரு வக்கீல் வேண்டாமா? நிறத்தையும் வறுமையையும் இங்கே எப்படிப் பிரிப்பீர்கள்?

பணம் பற்றி நீங்கள் கவலைப்படுவது நியாயம். சிவில் உரிமை வழக்கில் ஜெயித்தால் எதிர்த்தரப்பே வக்கீல் ஃபீஸைக் கட்ட வேண்டும் என்று 1976-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மற்றபடி நன்கொடையும் அறக்கட்டளைப் பணமும். ஆனால் அந்த வழியும் குறுகி வருகிறது. நீதிமன்ற பாக்கி கட்டாதவர்களின் ஓட்டுநர் உரிமத்தை வர்ஜீனியா முடக்கி வந்தது. சிலர் வழக்குப் போட்டு 2018-ல் இடைக்காலத் தடை வாங்கினார்கள். மாநிலம் பிறகு அந்தச் சட்டத்தையே நீக்கியது. இறுதித் தீர்ப்பு வராததால் ஃபீஸ் கிடையாது என்று 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருடக்கணக்கில் உழைத்து, கேட்டதும் நடந்து, கையில் ஒன்றுமில்லை. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அதே ஆண்டு ஏப்ரலில் அதிபர் டிரம்ப் ஓர் ஆணை போட்டார். கிரிக்ஸ் தீர்ப்பின் வழியில் வழக்கு நடத்துவதை அரசு அமைப்புகள் முடிந்தவரை கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் அந்தக் கொள்கை 1991-ல் வேலைவாய்ப்புச் சட்டத்திலேயே எழுதப்பட்டுவிட்டது. ஆணையால் அதை அழிக்க முடியாது. அரசு ஒதுங்கினால் அந்தச் சட்டத்தைத் தூக்கிப் பிடிக்க மிஞ்சுவது உங்கள் மகள் சேர நினைக்கும் அமைப்பைப் போன்றவைதான். அவள் போகிற காலம் சரியான காலம்.

நம்மவர்களிடம் சொல்ல வேண்டிய ஒன்றும் உண்டு. ஆசியர்களுக்கு வருடத்துக்கு ஒரு சிறு எண்ணிக்கையே விசா என்றிருந்த ஒதுக்கீட்டு முறையை நீக்கிய குடியேற்றச் சட்டம் 1965 அக்டோபரில் வந்தது. கறுப்பின மக்கள் தெருவில் அடிபட்டுக் கிளப்பிய அதே அலையில்தான் அதுவும் நிறைவேறியது. நீங்கள் அங்கே போய்க் குடியேற முடிந்ததற்கு அந்த மக்களுக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

மகளைத் தடுக்காதீர்கள். கல்விக் கடன் இருந்தால் ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள்: அது மத்திய அரசுக் கடனாக இருந்து, அவள் சேரும் அமைப்பு லாப நோக்கற்றதாகவும் இருந்தால், விதிப்படி 120 மாதத் தவணை கட்டியபின் மீதி தள்ளுபடியாகும். சேரும்போதே அந்தக் காகிதங்களைச் சரியாக எழுதி வைக்கட்டும். முதல் இரண்டு வருட வாடகைக்கு உங்களால் முடிந்ததைக் கொடுங்கள். கேள்விகளை அவளிடமே மறுபடி கேளுங்கள், இந்த முறை பதிலைக் கேட்டுக்கொள்வதற்காக.

அன்புடன்.